முகாமுக்குப் போன இரண்டு குடம் தண்ணீர்

பாரத நாட்டின் ஐந்தாண்டுத் திட்டங்களையெல்லாம் விஞ்சிய ஓர் ஐந்து நாள் திட்டம், இந்த 1961-ஆம் ஆண்டு மே மாதத்தில் எங்கள் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் தீட்டப்பட்டது. சரித்திர ஆசிரியர்கள் இதை இன்னும் கவனிக்கவில்லை. அவர்களுக்கு வேறு வேலை இருந்திருக்கும். திட்டத்தை டைப் அடித்தவன் என்ற முறையில் அந்தக் குறையை நானே தீர்த்துவைக்கிறேன்.

எங்கள் அதிகாரி சிவசாமி ஐயாவின் மகள் கண்ணாத்தாளுக்குப் பன்னிரண்டு வயது. பெற்றவர்களை விட்டு ஓர் இரவும் வெளியூரில் படுத்ததில்லை. அவளை ஐந்து நாள் சாரணியர் கோடை முகாமுக்குத் 'தயார்' செய்வதுதான் திட்டம். முகாமின் கொள்கை 'தன் கையே தனக்கு உதவி'. ஆகவே துணிகளை அம்மா மடித்தார்; பெட்டியைப் பியூன் ராக்கன் கட்டினார்; பயத்தை ஐயா பட்டார். கண்ணாத்தாளுக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்கப்படவில்லை.

முகாம் நடக்கும் ஊர் ஈச்சம்பொட்டல். விராலிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மணி நேரம் மாட்டு வண்டியில் போகவேண்டும். ஊரைத் தேர்ந்தெடுத்தவர் சாரணியர் ஆசிரியை, ஆவூர் அடைக்கலமேரி டீச்சர். அவர் செய்த ஒரே தவறு, எங்கள் அலுவலக அறிக்கையை நம்பியது. வட்டாரத்திலேயே சிறந்த குடிநீர்க் கிணறு ஈச்சம்பொட்டலில் இருப்பதாக அது சொன்னது. 'ஆழம் நாற்பது அடி. கோடையிலும் வற்றாதது. சுவையானது.' கையெழுத்து, சிவசாமி. டைப் அடித்தது, நான்.

உண்மையில் அந்தக் கிணறு ஆறாவது அடியில் பாறையைக் கண்டு அதோடு நின்றுவிட்டது. மீதி முப்பத்து நாலு அடியை நாங்கள் காகிதத்தில் தோண்டினோம். பாறையை உடைப்பதைவிட அது சுலபம், கையும் காய்த்துப்போகாது. ஊர்க்காரர்கள் தண்ணீர் கேட்டு ஏழு மனு கொடுத்தார்கள். 'தங்கள் ஊரில் கிணறு உள்ளது' என்று ஏழுக்கும் தவறாமல் பதில் போனது. பதில் போடாத அலுவலகம் என்று எங்களை யாரும் சொல்லிவிட முடியாது.

மகள் போகும் ஊர் எது என்று தெரிந்த அன்று ஐயா மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டார். முகாமை வேறு ஊருக்கு மாற்றச் சொல்லலாம். ஏன் என்று டீச்சர் கேட்பார். பெண்ணை அனுப்பாமல் இருக்கலாம். அவள் பத்து நாளாகச் சீருடையைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள். மொத்தம் முப்பத்திரண்டு பிள்ளைகள் அங்கே போகிறார்கள் என்பதும் ஐயாவுக்குத் தெரியும். ஆனால் அது 'பொது விஷயம்'. அதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டும்.

கடைசியில் ஐயா கண்ட வழி, மகளோடு இரண்டு குடம் தண்ணீரையும் அனுப்புவது.

அதற்கு டீச்சரின் விதி குறுக்கே நின்றது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெட்டிதான். அதற்கு மேல் எது கொண்டுவந்தாலும், தகப்பனார் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்ட பட்டியல் வேண்டும். ஐயா என்னை வீட்டுக்கே வரவழைத்தார். டைப்ரைட்டரும் வந்தது. வரிசை எண், சாமான், எண்ணிக்கை, காரணம் என்று நான்கு கட்டங்கள் போட்டேன்.

"கம்பளி ஒண்ணு. காரணம், குளிர்."

"மே மாசம் சார்."

"அப்ப முன்னெச்சரிக்கைன்னு போடுங்க."

முறுக்கு டின் ஒன்று, காரணம், தாயன்பு. விபூதிப் பொட்டலம் மூன்று, காரணம், பேய். எட்டு சாமான்கள் வரை நிர்வாகம் தங்குதடையின்றி நடந்தது.

"ஒம்பது. தண்ணி, ரெண்டு குடம். காரணம்..." ஐயா தொண்டையைச் செருமினார். "பொது நலன்."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி சொர்ணம் வந்துவிட்டார். "பொது நலன்னு போட்டா அந்த டீச்சரு கொடத்த எறக்கி வச்சிருவாங்க. ஒத்தப் புள்ளய வச்சிருக்கோம். உள்ளதப் போடுங்க."

"உள்ளதையா?" பன்னிரண்டு வருட சர்வீசில் ஐயாவிடம் அப்படி யாரும் கேட்டதில்லை.

"அங்கிட்டுத் தண்ணி இருக்கா, இல்லியா?"

"அறிக்கைப்படியா?"

"புள்ள குடிக்கிறபடி."

ஐயா எழுந்தார். உட்கார்ந்தார். வாசலில் நின்று சீருடைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "மேற்படி ஊரில் குடிநீர் அறவே கிடையாது."

டைப் அடித்தேன். கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் அலுவலக முத்திரையைக் குத்தினேன். பழக்கதோஷம் என்று ஐயாவிடம் பிற்பாடு சொன்னேன். முத்திரையும் மைப்பெட்டியும் எப்படி அவர் வீட்டுக்கு வந்தன என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ஐயா மகளுக்குக் கடைசி உபதேசம் செய்தார். "இந்தத் தண்ணிய மட்டும் குடி. யாருக்கும் குடுத்துறாத."

"அடுத்தவங்களுக்கு ஒதவணும்னு எங்க வாக்குறுதியில இருக்கேப்பா?"

"அது வாக்குறுதி, தாயி. இது தண்ணி."

டீச்சர் பட்டியலை வாங்கினார். முத்திரையைப் பார்த்தார். மரியாதையாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வாசிக்கவில்லை. முத்திரை குத்திய காகிதத்தை இந்த நாட்டில் யார் வாசிக்கிறார்கள்? முத்திரையைக் கண்டால் ஊன்றி வாசித்து முகாமை மாற்றுவார் என்று நான் போட்ட கணக்குத் தப்பியது. ராக்கனோடு சேர்ந்து குடங்களை ஏற்றிக்கொண்டிருந்த எனக்கு வாய் இருந்தது, திறந்திருக்கலாம். முப்பத்திரண்டு பிள்ளைகளும் கையசைத்தார்கள். நானும் கையசைத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஐந்து நாளும் ஐயா பச்சைத் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் பாதியில் டம்ளரை வைத்துவிட்டார். ஆறாம் நாள் கண்ணாத்தாள் நேரே அலுவலகத்துக்கே வந்தாள். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. கூடவே ஈச்சம்பொட்டல் காத்தாயி, கையில் ஒரு மனுவுடன்.

"ஏழு மனு குடுத்தோமுங்க," என்றாள் காத்தாயி. "இது எட்டாவது."

"அதான் கெணறு இருக்குன்னு பதில் போட்டமே!"

"இல்லப்பா," என்றாள் கண்ணாத்தாள். "நம்ம தண்ணி மொத நாளே தீந்துபோச்சு. எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் குடுத்தேன். அப்பறம் காத்தாயி அக்காவும் ஊர்க்காரங்களுந்தான் மூணு மைல் போயி எங்களுக்கும் சேத்துச் சொமந்துக்கிட்டு வந்தாங்க. நானும் ஒரு நா கூடப் போனேன். பாதி வழியில முடியாம ஒக்காந்துட்டேன்."

ஐயா மனுவைப் புரட்டினார். 'இணைப்பு: ஒன்று' என்று இருந்தது. அடியில் முறுக்கு டின், விபூதி, பேய் எல்லாம் அடங்கிய எங்கள் பட்டியல். ஒன்பதாவது வரியில் 'மேற்படி ஊரில் குடிநீர் அறவே கிடையாது.' கீழே அவர் கையெழுத்து. பக்கத்தில் முத்திரை.

"இத யாரு இவங்களுக்குக் குடுத்தது?"

"நாந்தாம்ப்பா. தண்ணி எங்கன்னு பாக்கயில டீச்சர் இத எடுத்து வாசிச்சாங்க. தண்ணி இல்லங்கிறதுக்கு ருசு இல்லன்னு ஊர்க்காரங்க அழுதாங்க. நீங்கதான் எழுதியிருக்கீங்களேன்னு வாங்கிக் குடுத்தேன்."

"முத்திரை யாரு குத்துனது?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். ஐயா மகளின் உதட்டைப் பார்த்தார். பேனாவை எடுத்து மனுவின் தலையில், டைப் அடிக்கக்கூடக் கொடுக்காமல், தன் கையாலேயே 'உடனே' என்று எழுதினார்.

நாற்பதே நாளில் பாறைக்கு வெடி வைத்து, இருபத்தெட்டாவது அடியில் ஊற்றுக் கண்டது. அப்பேர்ப்பட்ட அலுவலகம் எங்களுடையது! செய்ய நினைத்துவிட்டால் நாற்பது நாள் போதும்.

இந்தச் செய்தி வட்டாரமெங்கும் பரவியதில், இப்போது தினமும் மனுக்கள் வருகின்றன. ஒன்றிலும் கிணறு கேட்கவில்லை. 'அடுத்த கோடை முகாமை எங்கள் ஊரில் நடத்தி, ஐயா மகளை அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள்.

பதில் டைப் அடிக்க உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் நாற்பத்தொரு ஊர். ஐயாவுக்கு மகள் ஒருத்திதான்.