கறுப்புத் திரையும் மேல் அம்பும்

ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கும்போதே கண்ணாடிக்கடைக்காரர் ஒரு சபதம் எடுத்தார். இன்று மதியத்துக்குள் மனைவி வாயால் ஒரே ஒரு தடவை ‘கெட்டிக்காரர்’ என்று சொல்ல வைத்துவிட வேண்டும்!

ஆசை நியாயமானதுதான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். குழாய் ஒழுகினாலும் அவள்தான், மிக்ஸி மக்கர் பண்ணினாலும் அவள்தான். கம்ப்யூட்டர் என்றால் கேட்கவே வேண்டாம். வீட்டிலிருந்தே அச்சகத்துக்குப் புத்தகம் வடிவமைத்துக் கொடுப்பவள். முன்பு கணினிப் பயிற்சி மையத்தில் ஆசிரியை. கடைக்கு பில் போடக் கற்றுக்கொள்ளப் போன இவருக்கு அன்றைக்கு அவள் ‘மேடம்’. இன்றைக்கும் மேடம்தான்.

கடைக்கு வந்த இன்ஜினியர் ஒருவரிடம் ஒரு சீட்டில் இரண்டு வரிக் கட்டளை எழுதி வாங்கியிருந்தார். முதல் வரியைத் தட்டினால், அவள் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் அடுத்த முறை படமே காட்டாமல் வெறும் எழுத்தோடு கறுப்புத் திரையில் நின்றுவிடும். இரண்டாவதைத் தட்டினால் பழையபடி எழுந்துகொள்ளும். அவள் குளிக்கப் போனாள். இவர் முதல் வரியைத் தட்டி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். சீட்டைச் சட்டைப் பையில் செருகி, சட்டையை நாற்காலியில் மாட்டி, பேப்பரை விரித்துக்கொண்டார். என்ன ஒரு மூளை!

“என்னங்க! திரை கறுப்பா நிக்குது. பன்னிரண்டு மணிக்குள்ள புத்தகம் போகணும்.”

“பதறாதே மேடம். நான் இருக்கேன்ல?”

“அதான் பதறுது.”

கம்பீரமாக எழுந்தவர் நாற்காலியைப் பார்த்தார்.

“என் சட்டை எங்கே?”

“இப்பத்தான் வாஷிங் மெஷின்ல போட்டேன். ஒரே வேர்வை நாத்தம்.”

இரண்டாவது வரி உள்ளே சோப்பு நுரையில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒயரைப் பிடுங்கிச் செருகினார். பின்பக்கம் ஊதினார். திரையின் தலையில் ஒரு தட்டு தட்டினார்.

“திரையை ஏன் அடிக்கிறீங்க? எழுத்தெல்லாம் நல்லாத்தானே வருது?”

“உள்ளே ஈரம் ஏறியிருக்கும்.”

“ஈரம் உங்க சட்டையிலதான். தள்ளுங்க.”

அவள் உட்கார்ந்தாள். கறுப்பில் வெள்ளை எழுத்து ஓடியது. அவருக்கு அந்த மையம் ஞாபகம் வந்தது. வாசலில் கழற்றிய செருப்புகள், குளிர்ந்த அறை, இருபது கம்ப்யூட்டர். முதல் நாள் இவருடையது மட்டும் படம் காட்ட மறுத்தது. மேடம் பக்கத்தில் வந்து குனிந்தாள். பவுடர் வாசனை. அடுத்த வாரத்திலிருந்து இவரே கண்டதைத் தட்டி வேண்டுமென்றே கெடுத்தார், பதினோரு தடவை. பதினோரு தடவையும் அவள் வந்தாள். தன் வாழ்க்கையில் செய்த ஒரே சாமர்த்தியம் அதுதான் என்று இன்றுவரை அவருக்கு உள்ளூரப் பெருமை.

அவள் மேல் அம்பு பட்டனை அழுத்தினாள். கடைசியாகத் தட்டிய வரிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டும் பட்டன் அது. இரண்டாவது அழுத்தலில் இவருடைய வரி பளிச்சென்று வந்து நின்றது.

“இதை நான் தட்டலை. வீட்டுல நாம ரெண்டு பேர்தான்.”

“ஒரு தடவையாவது நீ என்னைக் கெட்டிக்காரர்னு...”

அவள் சிரித்துவிட்டாள். அந்த வரியில் ஒரு சொல்லை மட்டும் மாற்றித் தட்டினாள். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. படம் வந்தது. பதினொன்றரைக்குப் புத்தகம் போய்விட்டது.

அவருக்கு மெதுவாக உறைத்தது. “அப்போ... மையத்துல...?”

“அங்கேயும் இதே அம்புதான். பதினோரு தடவையும் பார்த்தேன்.”

“தெரிஞ்சுமா வந்தே?”

“வராம?”

அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தோற்றதுகூட வலிக்கவில்லை. “எல்லாம் அந்த முதல் நாள் புண்ணியம், மேடம். அன்னிக்கு மட்டும் அது தானா கெட்டுப் போகலேன்னா, நீ யாரோ, நான் யாரோ!”

துவைத்த சட்டையை எடுக்கப் போனவள், வாசற்படியில் திரும்பினாள்.

“தானாவா? அன்னிக்கு நீங்களும் ஒரு தடவை மேல் அம்பை அழுத்திப் பார்த்திருக்கலாம்.”