அட்ஜஸ்ட்டுக்கும் அடாப்ட்டுக்கும் நடுவே ஒரு கதவு

ஆங்கில மொழியைக் கட்டிக்காக்கும் பொறுப்பு லண்டனிலிருந்து மைசூருக்கு மாற்றலாகிவிட்டது. ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஓர் ஆயத்த ஆடை ஆலை, இருநூறு தையல் மிஷின்களை முழுதாக ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு, ‘அட்ஜஸ்ட்’ என்பதற்கும் ‘அடாப்ட்’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தொழிலாளிகளுக்குப் போதித்தது என்றால் சும்மாவா?

முன்வரிசையில் காலர் தைக்கும் ராணி உட்கார்ந்திருந்தாள். தமிழர்கள் வாழும் மார்டள்ளி கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவள். தசராவுக்கு முன்னால் பெண்கள் கழிப்பறைக் கதவு கழன்று விழுந்தது. அன்றிலிருந்து ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி துப்பட்டாவை விரித்துப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். அந்தக் கூச்சத்தில் ராணி வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதையே விட்டாள். நீர்க்கடுப்பு வந்தது. “தினம் மூணு லிட்டர் குடிக்கலைன்னா கிட்னி கெட்டுடும்” என்றார் டாக்டர். ராணிக்கு வேண்டியிருந்தது ஒரு கதவு. கிடைத்தது வகுப்பு.

மேனேஜர் நஞ்சுண்டசாமியிடம் அவள் நான்கு முறை முறையிட்டிருக்கிறாள். கருணை மிகுந்த அந்த மனிதரும் நான்கு முறை பதில் அருளியிருக்கிறார். “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க, ராணியம்மா.” ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லும் சொல்லைப் பிழையாகச் சொல்லிவிடக் கூடாதே என்ற மனசாட்சி உறுத்தலில்தான், பெங்களூரிலிருந்து வினிதா என்ற ‘மொழித்திறன் நிபுணர்’ வரவழைக்கப்பட்டார்.

“பஸ்ல மூணு பேர் சீட்ல நாலு பேர் உக்காந்தா அது அட்ஜஸ்ட். கஷ்டம்தான், ஆனா பல்லைக் கடிச்சுக்குறோம்” என்றார் வினிதா. “அந்த நெரிசலே பழகிப்போய், அது ஒரு கஷ்டம்னே தோணலைன்னா, அடாப்ட்.”

நஞ்சுண்டசாமி உருகிப்போனார்.

“நோட்றி, பாருங்க, எவ்ளோ ஆழம்! யாராச்சும் ஒரு உதாரணம் கொடுங்க. ராணியம்மா, ஹேளி, பயப்படாம சொல்லுங்க!”

ராணி எழுந்தாள். வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், ஆறு மாதக் கோபம் ஒரு பக்கம்.

“நம்ம பாத்ரூம் கதவையே எடுத்துக்கலாமுங்க, சார்.”

“பலே! கை தட்டுங்க எல்லாரும்!” என்றார் மேனேஜர். தட்டினார்கள். கைதட்டல் அடங்கும்வரை அவள் பொறுத்திருந்தாள்.

“ஆறு மாசமா பல்லைக் கடிச்சுட்டு அட்ஜஸ்ட் பண்ணிட்டு இருக்கறது நாங்கங்க. கதவே இல்லாததுக்கு அடாப்ட் ஆயிட்டது நீங்கங்க.”