இருபத்தொரு மூட்டை சொந்தக்காரர்கள்

பருத்திப்பட்டு, ஆவடி
ஞாயிறு மாலை

அன்பு மைத்துனன் சிரஞ்சீவி ராகவனுக்கு,

சம்பந்தம் மாமா ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா கோமளாவும் நலம். கோவையில் நீயும் உன் மகள், கல்யாணப் பெண் வித்யாவும் நலமாக இருப்பீர்கள். டிராக்டரின் நலம் பற்றித்தான் விவரமாக எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொன்னால் நீ நடுவில் கத்துவாய். கடிதத்தில் அது முடியாது.

உன் அப்பாவின் ஐம்பது வருஷத்து டிராக்டரை எங்கள் காலி மனையில் நிறுத்திவிட்டுப் போன அன்று, "மாமா, ஒரு ஸ்குரூவுலகூட கை வெக்காதீங்க. அப்பா விட்ட மாதிரியே இருக்கட்டும்" என்று சொன்னாய். நானும் தலையாட்டினேன். ஆனால் பெண் அழைப்புக்குக் காரே வேண்டாம், தாத்தா டிராக்டர் இழுக்கிற டிரெய்லரில்தான் கரையான்சாவடி மண்டபத்துக்கு வருவேன் என்று வித்யா சொல்லிவிட்டாளே. பரீட்சைக்கு முன்னால் ஒரு மாதிரித் தேர்வு வைப்பதுதானே முறை? டிரெய்லரில் சொந்தக்காரர் ஒருவருக்கு ஒரு மணல் மூட்டை என்று இருபது பேரை ஏற்றினேன். உன் பெரியப்பாவுக்கு மட்டும் இரண்டு. மண்டபத்துக்குப் போகும் வழியில் உள்ள ஏரிக்கரை மேட்டில் பாதி ஏறியதும் டிராக்டர் இருமிவிட்டு அணைந்துபோயிற்று. நாலு தடவை முயன்றோம், நாலு தடவையும் அதே இடம். கணக்கில் ஒரே இடத்தில் தப்புச் செய்யும் பையன் மாதிரி.

மணமேடைக்குப் போக வேண்டிய பெண் நடு மேட்டில் நிற்கலாமா? அதனால்தான் பக்கத்து வீட்டு உத்தமனைக் கூப்பிட்டேன். டாங்கித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். சுற்றிவந்து பார்த்தார். "இன்னா சார் இது, இஞ்சினுக்கு சோறே பத்தல. அம்பது டன்னு டாங்கியே என் கையால ஓடிக்கீது. இத்த ஒரு வாரத்துல யானையாக்கிக் காட்றேன்" என்றார். டீசல் பம்பைத் திருகி எண்ணெயைக் கூட்டினார், இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்க, பழைய லாரியிலிருந்து ஒரு டர்போவைக் கழற்றிவந்து பொருத்தினார், சைலன்சரை எடுத்துவிட்டு என் உயரத்துக்கு ஒரு குழாயை நிறுத்தினார். நானும் சும்மா இருக்கவில்லை. டிரெய்லர் கொக்கி வேகத்தடையில் உரசுகிறதே என்று அதை ஒரு அடி மேலே ஏற்றச் சொன்னேன்.

நேற்றுக் காலை மறுதேர்வு. உத்தமன்தான் ஓட்டினார். மேட்டில் பாதி ஏறியதும் டிராக்டர் அணையவில்லை. முன்சக்கரம் இரண்டையும் தூக்கிக்கொண்டு நின்றது! அந்தப் பக்கம் வந்த ஆட்டோக்காரர், "அண்ணாத்தே, வண்டிக்கு சலாம் வெக்கக் கத்துக்குடுத்துகிறியா?" என்றார். உத்தமன் கிளட்சை மிதிக்க, தொம்மென்று இறங்கியது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை, இடது விளக்குத்தான் போயிற்று. கொக்கியை உயர்த்தினால் மூக்கு தூக்கும் என்பது நெம்புகோல் பாடம். முப்பத்து நாலு வருஷம் அந்தப் பாடத்தை நடத்தியவன் நான். கொக்கியைப் பழைய இடத்துக்கே இறக்கி, முன்னால் பாரத்துக்கு உன் அக்காவின் ஆட்டுக்கல்லைக் கட்டினோம். "மாவு அரைக்கத்தான் அது ஆகலை, இதுக்காவது ஆகட்டும்" என்றாள்.

இப்போது மேடு ஏறுகிறது. ஆனால் புகை கொஞ்சம் அதிகம். எதிர் ஃபிளாட் அகல்யா இரண்டாம் மாடியில் காயப்போட்ட வெள்ளைச் சுடிதாரைக் கொண்டுவந்து காட்டி, "அங்கிள், இது காலையில என்ன கலர்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எனவே பெண் அழைப்புப் புடவை சந்தன நிறம் வேண்டாம், கரும்பச்சையாக எடுக்கலாம் என்று வித்யாவிடம் நீயே பக்குவமாகச் சொல். வாக்கு மீறியதற்கு என்னை மன்னித்துவிடு. குழந்தை தாத்தா வண்டியில் வர ஆசைப்பட்டாள், அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

மணமக்கள் சகல சௌபாக்கியமும் பெற்று, எந்த மேட்டிலும் நிற்காமல் வாழட்டும்.

அன்புள்ள,
சம்பந்தம் மாமா

பி.கு.: உறையை ஒட்டுமுன் உன் அக்கா இதை வாங்கிப் படித்துவிட்டு, "ஏங்க, அப்பா போட்ட போல்ட்டை எடுத்தீங்களா?" என்றாள். எந்த போல்ட்? நீ பத்தொன்பது வயதில் டிராக்டரைப் பறக்கவிட்டு வாய்க்காலில் இறக்கினாயாமே! மறுநாளே உன் அப்பா, ஆக்சிலேட்டர் கைப்பிடி பாதிக்கு மேல் போகாதபடி ஒரு போல்ட்டை வைத்து, உனக்குத் தெரியாமலிருக்க வண்டியின் சிவப்பையே அதன்மேல் பூசியிருக்கிறார். உத்தமன் அதைப் பார்த்து, "கம்பெனி ஃபிட்டிங்கு சார், அத்தத் தொடக் கூடாது" என்று சொல்லியிருந்தார். இன்று திங்கள் காலை போல்ட்டைக் கழற்றினோம். பம்பைப் பழையபடி திருகி, டர்போ, குழாய், ஆட்டுக்கல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். இருபத்தொரு மூட்டையோடு புகையில்லாமல் மேடேறிவிட்டது. சந்தன நிறமே எடுங்கள்.

சந்தோஷமாக வித்யாவுக்குப் போன் செய்தேன். ஊர்வலத்தில் வண்டி ஓட்டப்போவது நீதான் என்றாள். உடனே உன் அக்கா போல்ட்டை எடுத்து உத்தமன் கையில் கொடுத்து, திரும்ப முறுக்கச் சொல்லிவிட்டாள். மேட்டில் நாங்கள் எல்லோரும் இறங்கித் தள்ளுவதாக முடிவு. பெரியப்பாவை இப்போதே தயார் செய்துவிடு.