பஜனையன்று என் சர்க்கரை ஐம்பத்திரண்டு

மாட்டுங்கா,
ஞாயிறு காலை.

வாஷி அத்திம்பேர் பத்ரிநாராயணன் அவர்களுக்கு, மைத்துனன் வைத்தீஸ்வரன் அநேக நமஸ்காரம். இங்கே என் சர்க்கரையைத் தவிர எல்லாம் சௌக்கியம். அங்கே தாங்களும் கீதா அக்காவும் தங்கள் தொண்டையும் சௌக்கியம்தானே?

இரண்டு மாதமாகத் தாங்கள் என் போனை எடுப்பதில்லை. அடுத்த மாதம் ஷ்ருதிக்குக் கல்யாணம். நீங்கள் இருவரும் வராமல் மணையில் உட்கார மாட்டேன் என்கிறாள் என் பெண். ஆகையால், தங்கள் வீட்டுப் பஜனையில் நடந்த அத்தனைக்கும் காரணம் என் இன்சுலின்தான் என்று விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பன்னிரண்டுக்கு இலை என்று அக்கா சொன்னதை நம்பி முன்னதாகவே ஊசி போட்டுக்கொண்டேன். ஊசி போனால் பின்னாலேயே சோறும் போயாக வேண்டும். தாங்களோ ஒரே வரியை ஒரு மணி தாண்டியும் பாடிக்கொண்டிருந்தீர்கள். வேர்த்துக் கொட்டியது, ரயிலில் இருப்பதாக நினைத்து மிருதங்கக்காரரிடம், "குர்லா வந்துடுத்தா?" என்று கேட்டேனாம். அவரும், "இன்னும் மான்குர்தே தாண்டலை சார்" என்றாராம். அப்புறம் நைவேத்தியச் சர்க்கரைப் பொங்கலைப் பாத்திரத்தோடு மடியில் வைத்துக்கொண்டேன். "டேய் வைத்தி, அது குருவாயூரப்பனுக்குடா" என்று அக்கா பதறினாள். "அவருக்கு ஷுகர் இறங்கலைக்கா, எனக்கு இறங்கிடுத்து" என்று சொல்லிக் கரண்டியை எடுத்தேன். என் ஆத்துக்காரி ஷ்யாமளா என் விரலில் குத்திப் பார்த்தாள், ஐம்பத்திரண்டு. எழுபதுக்குக் கீழே போனால் மனுஷன் தன் வசத்தில் இல்லை என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். அந்த நிலையில்தான் மைக்கைப் பிடுங்கி, "அத்திம்பேர், ஸ்வாமியே பசி தாங்காம இலையில வந்து உக்காந்தாச்சு, நிறுத்துங்கோ" என்றேன். நாற்பது பேர் சிரித்தார்கள். சொன்னது நானில்லை, ஐம்பத்திரண்டு.

வாரத்தில் மூன்று நாள் இப்படி இறங்குகிறது. நான் கோபப்பட்டாலே சர்க்கரை இறங்கிவிட்டது என்று ஷ்யாமளா தீர்மானித்துவிடுகிறாள். சாம்பாரில் உப்பில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், குளுக்கோஸ் பொடி வந்து விழுந்தது. சயானில் ஒரு டாக்ஸிக்காரர் வர மாட்டேன் என்றார். வாக்குவாதம் முற்றியதும் எனக்கு ஒரு ஸ்பூன், பாவம் அவருக்கும் ஒரு ஸ்பூன். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் எனக்கு இருந்த ஒரே சுதந்திரம் குறை சொல்வது, அதுவும் இப்போது வியாதியில் சேர்ந்துவிட்டது.

ஆகவே பழசை மறந்து, ரிசப்ஷனில் தாங்கள் இரண்டு மணி நேரம் பாடித் தர வேண்டும். அக்காவுக்கு என் நமஸ்காரம். தம்பதிகளுக்குத் தங்கள் ஆசீர்வாதத்தை எதிர்பார்த்து,

தங்கள் அடக்கமுள்ள,
வைத்தீஸ்வரன்.

பி.கு.: சர்க்கரை பார்க்கும் மீட்டரில் பழைய அளவுகளெல்லாம் நேரத்தோடு பதிவாகியிருக்குமாம். ஷ்ருதி இப்போதுதான் காட்டினாள். ஐம்பத்திரண்டு இருந்தது மத்தியானம் ஒன்று ஐந்துக்கு. பொங்கல் உள்ளே போய், ஒன்று முப்பத்தைந்துக்கு நூற்றுப் பதினெட்டு. பஜனை வீடியோவில் நான் மைக்கைப் பிடுங்குவது ஒன்று நாற்பதுக்கு. ஆக, பொங்கலைத் தின்றது இன்சுலின். அந்த வார்த்தையைச் சொன்னது முழு ஆரோக்கியத்தோடு இருந்த நான். மன்னித்துவிடுங்கள் அத்திம்பேர். வாருங்கள், இஷ்டம் போல் பாடுங்கள். இந்தத் தடவை இலையில் சாதம் விழுந்த பிறகுதான் ஊசி போட்டுக்கொள்வேன்.