தாய்மாமன் மடியில் நடந்த விசாரணை

எனக்குச் சந்தேகம் ஜாஸ்தி. கேஸ் சிலிண்டர் வந்தால் தூக்கிப் பார்ப்பேன், ஆட்டிப் பார்ப்பேன், கொண்டுவந்தவர் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பேன். பஸ்ஸில் யாராவது காரணமில்லாமல் சிரித்தால் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விடும். இப்படிப்பட்ட ஆள், ஒரு விஷயத்தில் மட்டும் ஊரில் எல்லோரையும் நம்பினேன். "உங்க புரோகிராம் பாத்தேன் சார், சூப்பர்" என்று யார் சொன்னாலும் நம்பினேன்.

புரோகிராம் என்றால், கடலூரிலிருந்து சிதம்பரம் வரை தெரியும் உள்ளூர் கேபிளில் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்துகொண்டிருந்த 'பாட்டும் டீயும்'. கல்யாணக் கச்சேரியில் பாடுகிறவர், பேண்டு வாசிக்கிறவர், கோயிலில் தேவாரம் பாடுகிறவர், சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவர் என்று சுற்றுவட்டாரத்துப் பாட்டுக்காரர்களை எதிரில் உட்காரவைத்துப் பேசுவேன். (டம்ளரில் டீ இருக்காது. லைட் சூட்டில் ஆடை கட்டிவிடும் என்று கேமராமேன் பாபு ஊற்ற விடமாட்டார்.) வார நாட்களில் சிப்காட் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், ஞாயிறு பதினோரு மணிக்கு மட்டும் நட்சத்திரம். பதினோரு வருடம் அப்படியே ஓடியது.

என் நிகழ்ச்சியை நான் பார்ப்பதில்லை. நம் முகத்தை நாமே உட்கார்ந்து ரசிப்பது தற்பெருமை என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் அந்த நேரத்தில் மீன் மார்க்கெட்டில் நிற்பேன், நாலு பேர் அடையாளம் கண்டு கும்பிட மாட்டார்களா என்று. (பதினோரு மணிக்கு ரசிகர்கள் எல்லாம் மீன் மார்க்கெட்டில் இருந்தால் டிவி முன்னால் யார் இருப்பார்கள் என்ற கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.)

ஒரே நாளில் நாலு வாரத்துக்குப் படம் பிடிப்பது எங்கள் வழக்கம். நாலு சட்டையை மடித்துப் பையில் எடுத்துப்போவேன். ஒரு மாதம் கூப்பிடவே இல்லை. "கேமரா ரிப்பேரு சார், ஸ்டாக் இருக்குது, ஓடும்" என்றார் சேனல் முதலாளி. அந்த மாதம் முடிந்து ஒரு திங்கட்கிழமை போன் செய்தார். "புரோகிராம நிறுத்திட்டோம் சார், கோச்சுக்காதீங்க" என்றார். காரணம் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

காரணம் சொல்லாமல் விட்டால் என் புத்தி சும்மா இருக்குமா? யாரோ வேட்டு வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். பாபுவைப் பிடித்துத் துளைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க சார். உங்க மாப்ள ரெண்டு வாரம் முன்னாடி எதுத்தாப்புல டீக்கடையில நின்னு உங்களப் பத்தி விசாரிச்சாரு. முதலாளிக்குத் தெரிய வேணாம்னு வேற சொன்னாரு" என்றார்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கை கவிதாவின் வீட்டுக்காரன் செந்தில். சிதம்பரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். சமீபத்தில்தான் பாட்டுக்காரர்களைத் தன் செல்போனில் பேட்டி எடுத்து இணையத்தில் போட ஆரம்பித்திருந்தான். அடப்பாவி! அதுவும் போதாதென்று ஒரு மாதமாக என்னிடம் அநியாயத்துக்கு அன்பு. "மச்சான், உடம்பு நல்லாருக்கா? ராத்திரி நல்லா தூங்கறீங்களா?" என் நாற்காலியில் கண் வைத்தவன் என் தூக்கத்தை எதற்கு விசாரிக்க வேண்டும்? எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அடுத்த வாரம் அவர்கள் குழந்தை யாழினிக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். என் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். மடி என் கையில் இருக்கும்போது எனக்கென்ன பயம்? கடலூரிலிருந்து சிதம்பரம் போகும்வரை பஸ்ஸில் செந்திலிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதினேன். பக்கத்தில் என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க எழுதறீங்க?"

"சீர்தட்டு லிஸ்ட்டு."

மண்டபத்தில் ஆசாரி தங்கக் கம்பியோடு உட்கார்ந்திருந்தார். குழந்தையின் காதில் சந்தனப் பொட்டு வைத்துக் குறித்தாகிவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பலகை முன்னால் நின்றபடியே, "மாப்ள, மொதல்ல ஒரு உண்மை தெரியணும். அப்புறந்தான் உக்காருவேன்" என்றேன்.

"இன்னா மச்சான், நேரம் போவுது."

"சேனலாண்ட வந்து என்னப் பத்தி எதுக்கு விசாரிச்சே? என் புரோகிராம எதுக்கு நிறுத்துனே?"

செந்தில் கவிதாவைப் பார்த்தான். கவிதா அவனைப் பார்த்தாள். குற்றவாளிகள் இப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். (எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.)

"நல்ல நேரம் முடிய இன்னும் பத்து நிமிஷந்தான் கீது" என்றார் ஆசாரி. கவிதா அழ ஆரம்பித்தாள். "உக்காருண்ணே. என் கொழந்தைக்கு உன்ன விட்டா யாரு இருக்கா?" என்றாள். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. நான் உட்காராவிட்டால் அன்றோடு அண்ணன் தங்கை உறவு அவ்வளவுதான் என்று அவள் முகத்தில் தெரிந்தது. அது தெரிந்தும், "வலது காது மட்டும் இப்ப. பதில் சொன்னாத்தான் எடது காது" என்று நிபந்தனை போட்டு உட்கார்ந்தேன். நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

வலது காது முடிந்தது. குழந்தை வீறிட்டது. அந்த நேரம் பார்த்துச் சேனல் முதலாளி பரிசுப் பையோடு வந்து நின்றார். (பழைய பழக்கத்தில் அவருக்கும் பத்திரிகை வைத்திருந்தேன்.) விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அவர ஏன் சார் திட்டறீங்க? நிறுத்துனது நான்தான்" என்றார்.

"ஏன்?"

"நாலு வாரமா ஒரே எபிசோடத்தான் போட்டேன். புவனகிரி பேண்டுக்காரர் வந்தாரே, அதான். ஒருத்தராச்சும் போன் பண்ணி, இன்னாய்யா இதுன்னு கேக்கறாங்களான்னு பாத்தேன். ஒரு போன் வர்ல. நீங்களே கேக்கல சார். யாரும் பாக்காதத எதுக்கு ஓட்டறது?"

மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தேன். வாராவாரம் "சூப்பர் மாமா" என்றவர்கள் எல்லாம் திடீரென்று மின்விசிறியை ஆராய்ந்தார்கள். என் மனைவி, "அந்நேரம் நான் மீன் எப்ப வரும்னு வாசல்ல நிப்பேன்" என்றாள்.

"நான் பாத்தேன்" என்றாள் கவிதா.

எல்லோரும் திரும்பினோம்.

"நாலு வாரமும் பாத்தேன். அதே ஆளு, அதே பாட்டு, அதே நீலச் சட்ட. உனக்குத்தான் ஒடம்புக்கு ஏதோ முடியல, எங்ககிட்ட மறைக்கறேன்னு பயந்து இவர விசாரிச்சுட்டு வரச் சொன்னேன். சேனலுக்குப் போன் பண்ணிக் கேட்டுடலாம்னு இவரு சொன்னாரு. அண்ணன் பேரு கெட்டுடும், பண்ணாதீங்கன்னு நான்தான் தடுத்துட்டேன்."

"ஒரே ஒரு போன் வந்திருந்தா நிறுத்தியிருக்க மாட்டேனேம்மா" என்றார் முதலாளி.

"ஐயோ கவிதா!" என்று நான் பாதி எழுந்துவிட்டேன். குடும்பச் சண்டைக்கெல்லாம் தான் பொறுப்பில்லை என்று ஆசாரி அப்போதுதான் இடது காதில் கம்பியை வைத்திருந்தார். சந்தனப் பொட்டு ஓரிடத்திலும் துளை அதற்கு ஒரு நெல் அளவு மேலேயும் அமைந்தன. "தாய்மாமன்னா ஆடாம உக்காரணும் சார்" என்றார்.

நான் குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதேன். குழந்தையும் அழுதது. பதினோரு வருடம் என்னைப் பார்த்த ஒரே நேயரைத்தான் அவள் வீட்டு விசேஷத்திலேயே அழவைத்திருக்கிறேன். செந்திலிடம் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "வேற நாள்ல அந்தக் காத சரியா குத்திடலாம் மாப்ள" என்றேன். "மறுபடி உங்க மடியிலயா?" என்றான் அவன்.

யாழினி இப்போது ஐந்தாம் வகுப்பு. ஜிமிக்கி போட்டால் இடது பக்கம் சற்றே தூக்கி நிற்கும். என் சந்தேகம் மட்டும் குறையவில்லை. போன வாரம்கூட அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, "அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் எதுக்கு என்னப் பாத்துச் சிரிச்சான்?" என்று ஆரம்பித்தேன். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல், முடியை ஒதுக்கி இடது காதைக் காட்டினாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.