ரோஜா மாடம்

பல் தேய்க்க வாசலுக்கு வந்த சவரி அலறியேவிட்டார்.

"அருளு! ரோஜாவுக்கு முன்னால யாரோ மெழுகுவத்தி ஏத்தி வெச்சிருக்காங்கடீ!"

"இருக்கட்டுமேங்க," என்றாள் அடுப்படியிலிருந்து மனைவி அருள்ராணி.

எப்படி இருக்கட்டும்? கால் முறிந்து அவர் கிடந்தபோது கஞ்சி ஊட்டி, எண்ணெய் நீவி, மறுபடி நடக்க வைத்தவள் அவள். அந்த நன்றியைச் சொல்ல சவரிக்கு வாய் வரவில்லை. அதனால் காரிமங்கலம் சந்தையில் ஒரு ரோஜாச் செடி வாங்கினார். முதல் பூவைத் தன் கையாலேயே அவள் கொண்டையில் வைத்துவிடுவது என்று முடிவு. நம் ஊர் வெயிலில் செடி கருகுமே என்று, வாசலோரம் செங்கல்லில் வளைவாக ஒரு மாடம் கட்டித் தொட்டியை உள்ளே வைத்தார். மிச்சமிருந்த நீலப் பெயிண்டையும் அடித்தார். அங்கேதான் வந்தது வினை. மாதா சிலை வைக்கிற கெபி எப்படி இருக்குமோ, அச்சு அசல் அப்படியே இருந்தது.

மறுநாள் மெழுகுவர்த்திகள் கூடின. சூட்டில் இலைகள் சுருண்டன. இருந்தது ஒரே ஒரு மொட்டு. சவரி உடனே 'இங்கே மெழுகுவர்த்தி ஏற்றக் கூடாது' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டார்.

மெழுகுவர்த்தி நின்றுபோனது. ஊதுபத்தி வந்தது.

"ஏம்மா, அட்டையில என்ன எழுதியிருக்குன்னு பாக்கலியா?"

"பாத்தோங்கண்ணா. அதான் ஊதுபத்தி," என்றாள் ஒருத்தி. போகும்போது அவரை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க நல்லா இருக்கணும்" என்று கும்பிட்டுவிட்டு வேறு போனாள்.

வந்தவர்கள் எல்லாருமே பெண்கள்.

நீலம்தான் வம்பு என்று சவரி வெள்ளை அடித்தார். மாதாவுக்குப் புதுசாகச் சுண்ணாம்பு அடித்தாயிற்று என்று சேதி பரவி, இண்டூரிலிருந்து ஒரு ஆட்டோ நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஊதுபத்திப் புகையில் ரோஜா மூச்சுத் திணறியது.

"அட கர்த்தரே!" என்று தொட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினார் சவரி. புதுசு மாட்டுகிறேன் என்று போன வருஷம் கழற்றிய பாத்ரூம் கதவு அங்கே சுவரில் சாய்ந்திருந்தது. அதன் பக்கத்தில், கல்யாணமான புதிதில் கட்ட ஆரம்பித்த கோழிக்கூண்டு. கதவுக்கும் கூண்டுக்கும் நடுவே நல்ல நிழல். தொட்டியை அங்கே வைத்தார்.

திரும்பி வந்து பார்த்தால், காலியான மாடத்தில் யாரோ மாதா சிலையே வைத்துவிட்டார்கள். இனி இடிக்கவா முடியும்? சவரி சிலுவை போட்டுக்கொண்டு திண்டாடி நின்றார்.

"அருளு, உனக்குன்னு கட்டுனது ஊருக்குப் போயிருச்சுடீ!"

"நல்லதுதானே," என்று முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள் அவள்.

கொல்லையில் அந்த மொட்டு, ஊதுபத்தி இல்லாத நிம்மதியில், ஒரு காலையில் விரிந்தது. சவரி அதைப் பறித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, கூட்டம் பார்க்கிறதே என்றுகூட நினைக்காமல், அருள்ராணியின் கொண்டையில் செருகினார்.

"நீ இல்லாட்டி நான் நடந்திருக்க மாட்டேன்டீ," என்றார். ஒருவழியாக வாய் வந்துவிட்டது.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சவரிக்கும்தான். அதை மறைக்கக் கூட்டத்தைப் பார்த்துச் சீறினார்.

"இந்தப் பூவு கருகப் பாத்துச்சே! மொதமொத மெழுகுவத்தி ஏத்துன புண்ணியவதி யாருன்னு இப்பத் தெரிஞ்சாகணும்!"

மெழுகுவர்த்தியும் கையுமாக நின்ற பக்கத்து வீட்டு ராமக்கா சொன்னாள்:

"உங்க வூட்டம்மாதாங்கண்ணா. கல்யாணம் ஆனதுல இருந்து நீங்க ஆரம்பிச்ச வேலையில இந்த மாடம் ஒண்ணைத்தான் முழுசா முடிச்சீங்களாமே, அந்த அதிசயத்தைக் கேட்டுத்தான் நாங்க எல்லாரும் எங்கெங்க வூட்டுக்காரருக்காக வேண்டிக்கிட்டு வர்றோம்!"