ஈரத்துணியின் கல்யாணமும் என் இடக்கை முடியும்

தன் கையைத் தானே சவரம் செய்துகொண்டு, அடுத்தவர் கையையும் இலவசமாக வழித்துவிட்ட மனிதன் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் பெயர் ஈரத்துணி.

அறுபதுகளில் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் லேபிள் ஒட்டினேன். அவன் திரி வெட்டினான். என் வயதுதான். தீப்பொறிக்குப் பயந்து எந்நேரமும் தோளில் நனைந்த துண்டு. கத்தியைத் திரி அறையிலிருந்து நூறடி தள்ளி, வேப்பமரத்தடியில், தண்ணீர் ஊற்றிய கல்லில்தான் தீட்டுவான். பதம் பார்க்க இடக்கை முடியை வழிப்பான். அந்தக் கை சுரைக்காய் மாதிரி இருக்கும். அங்கே முடி தீர்ந்துபோனால் அடுத்தவர் கை. போர்மேனே அவனைக் கண்டால் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்வார்.

ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். தீபாவளி சீசன் வேறு.

"மாப்பிள்ளை இல்லாமக்கூட கல்யாணத்த நடத்திரலாம்லே, திரி இல்லாம சரவெடி போட முடியாது. பதில் ஆளை நிறுத்திட்டுப் போ" என்றார் போர்மேன்.

அவன் என்னைப் பிடித்தான். என் கையில் முடி அதிகம் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

"ஏலே, கத்தி முதுகு கல்லவிட்டு ரெண்டு தீக்குச்சி கனம் தூக்கியிருக்கணும். அம்புட்டுதான்."

ஊரெல்லாம் தீக்குச்சி, கம்பெனிக்குள் ஒன்றுகூடக் கொண்டுவரக் கூடாது. உத்தேசமாகத் தீட்டினேன். முதல் நாள் கத்தி அகப்பையானது. இரண்டாம் நாள் கல் தேய்ந்தது.

"கல்லத் தீட்டச் சொன்னேனா, கத்தியத் தீட்டச் சொன்னேனா? மொண்ணைக் கத்தி திரிய நசுக்கும். நசுங்கினா உரசும். உரசினா..." விரலால் வானத்தைக் காட்டினான்.

மறுநாள் காலை போர்மேன் பார்வையிட வருவதாக ஏற்பாடு. கத்தி மழுங்கலாக இருந்தால் லீவு கிடையாது. மணமேடையில் பெண் மட்டும் உட்கார வேண்டியதுதான். பதற்றத்தில் எனக்குப் புத்தி கெட்டது. கல்லைத் தூக்கிக்கொண்டு திரி அறைக்குள்ளேயே உட்கார்ந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் சரக் சரக்கென்று இழுத்தேன்.

தலையில் இடி விழுந்தது. செத்துவிட்டேன் என்றே முடிவுகட்டினேன். நல்லவேளை, எனக்குக் கல்யாணமாகவில்லை என்று ஆறுதலும் பட்டுக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் ஒரு குடம் தண்ணீர் என் மேல் ஒழுகிக்கொண்டிருந்தது. எதிரே வெறுங்குடத்தோடு ஈரத்துணி நின்றிருந்தான்.

"கூறுகெட்ட பயலே! கல்யாணச் சோறு போடலாம்னு பாத்தா, ஊருக்கே கருமாதிச் சோறு போடப் பாத்தியேலே!"

போர்மேன் ஓடி வந்தார். நனைந்த திரிக் குவியலைப் பார்த்துக் கத்தினார்: "எவன்லே இந்த வேலை பாத்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள், "நாந்தேன் அண்ணாச்சி. குடம் கைதவறிருச்சு" என்றான் அவன்.

"அப்ப ஒனக்கு லீவு வேறயா? அந்தப் பய கத்தியாவது பதமா இருக்கான்னு பாக்கேன். இல்லேன்னா பந்தலப் பிரிக்கச் சொல்லிரு."

வீணான திரியில் இரண்டு துண்டை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துக்கு ஓடினேன். அவையும் தீக்குச்சிக் கனம்தானே! கத்தி முதுகுக்கு அடியில் வைத்து உயரத்தைக் கண்ணில் பதித்துக்கொண்டு, எடுத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி நிதானமாகத் தீட்டினேன்.

மறுநாள் காலை போர்மேன் தாமாகவே சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார். கத்தியை வைத்தேன். முடி பூப்போல உதிர்ந்தது. ஒரு நிமிடம் தடவிப் பார்த்தார்.

"போயித் தாலியக் கட்டிட்டு வாலே" என்றார். ஈரத்துணி தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். ஏற்கெனவே ஈரமான துண்டு. அழுதானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இன்றும் வீட்டுக் கத்தியை நானே தீட்டுகிறேன்; என் இடக்கை மொட்டைதான். முடி முளைக்காமல் இல்லை, நான்தான் விடுவதில்லை.